எக்நொக்குக்குச் சாராயம் கட்டாயமா?

டிசெம்பர் பிறந்தால் யூரியூப்பில் எக்நொக் வீடியோக்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். முட்டை, பால், சீனி, கிறீம், மேலே கொஞ்சம் துருவின சாதிக்காய். "இந்த நத்தாருக்கு வீட்டில செய்து பாப்பமா?" என்று குறூப்பில் ஒருத்தர் கேட்டால், உடனே வரும் பதில் "போத்தல் ஆர் வாங்கிறது?" என்பதுதான். இன்னொருத்தர், "சாராயம் விடாட்டி அது எக்நொக் இல்லை, வெறும் முட்டைப்பால்" என்பார். மூன்றாமவர் விஞ்ஞானம் பேசுவார்: "பச்சை முட்டையில கிருமி இருக்கும். சாராயம் விட்டால்தான் சாகும்."

என்னுடைய கருத்து நேரெதிர். எக்நொக்கைக் கட்டாயம் வீட்டில் செய்யுங்கோ. ஆனால் அடுப்பில் காய்ச்சி, சாராயம் விடாமல், வீட்டில் இருக்கிற எல்லாரும் குடிக்கக்கூடியதாகச் செய்யுங்கோ.

முதலில் அந்தப் பெயர்ப் பிரச்சினையைப் பார்ப்பம். மத்திய கால இங்கிலாந்தில் பொசெற் என்றொரு பானம் இருந்தது. சூடான பாலில் வைனோ பியரோ விட்டுத் திரைய வைத்து, வாசனைத் திரவியம் போட்டுக் குடித்தார்கள். தடிமன், காய்ச்சலுக்கும் கொடுத்தார்கள். எக்நொக் அந்த வழியில் வந்தது என்பதுதான் பொதுவான கருத்து. 18ஆம் நூற்றாண்டில் அது அமெரிக்காவில் வேர்விட்டது. அங்கே பண்ணைகளில் மாடும் கோழியும் இருந்தன. கரீபியன் தீவுகளில் இருந்து றம் மலிவாக வந்தது. அந்த றம்முக்கான கரும்பை வெட்டியவர்கள் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்க மக்கள்.

ஆகவே சாராயம் தொடக்கத்தில் இருந்தே கூட வந்தது உண்மைதான். ஆனால் இந்தப் பானம் போன இடமெல்லாம் அங்கே கிடைத்ததைக் கொண்டு மாறியிருக்கிறது. மெக்சிக்கோவில் அது றொம்போப்பே. புவேர்ட்டோ றிக்கோவில் அதன் உறவுக்காரனுக்குப் பெயர் கொக்கீற்றோ. அதைத் தேங்காய்ப்பாலில் செய்வார்கள், பல வீடுகளில் முட்டையே போடுவதில்லை. முட்டை இல்லாமலே அந்தக் குடும்பத்தில் ஒருத்தராக இருக்கலாம் என்றால், சாராயம் இல்லாவிட்டால் மட்டும் ஏன் பெயர் பறிபோக வேண்டும்? அமெரிக்க உணவு விதிமுறையைப் பாருங்கோ. எக்நொக் என்று பெயர் போட்டு விற்க ஆகக்குறைந்தது 6 சதவீதம் பாற்கொழுப்பும், 1 சதவீதம் மஞ்சட்கருத் திண்மமும் இருக்க வேண்டும் என்கிறது. சாராயம் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை.

சாராயத்துக்காகவே பெயர் போன எக்நொக் ஒன்றும் வரலாற்றில் உண்டு. 1826இல் அமெரிக்காவின் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் மது தடை செய்யப்பட்டிருந்தது. மாணவர்கள் களவாகப் போத்தல்களைக் கொண்டுவந்து, டிசெம்பர் 24 இரவு எக்நொக் கலக்கினார்கள். விடியும்போது யன்னல்கள் உடைந்து, அதிகாரிகள் தாக்கப்பட்டு, விசயம் இராணுவ நீதிமன்றம் வரைக்கும் போனது. எக்நொக் கலவரம் என்றே அதற்குப் பெயர். அந்த இரவில் குழப்படி செய்தது முட்டையும் பாலும் இல்லை.

இனி அந்தக் கிருமிக் கதை. பச்சை முட்டையில் சல்மொனெல்லா இருக்கலாம் என்பது சரி. கர்ப்பிணிகள், சின்னப்பிள்ளைகள், வயதானவர்களுக்கு அது பெரிய ஆபத்து. ஆனால் குடிக்கிற நேரத்தில் கோப்பைக்குள் ஊத்துகிற சாராயம் அதைக் கொல்லாது. நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் றெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற நுண்ணுயிரியலாளரின் எக்நொக் செய்முறை பிரபலம். நிறைய மது சேர்த்து, குளிரில் வாரக்கணக்காக வைத்த பிறகுதான் குடிப்பார்கள். அதே செய்முறையில் பிறகு சல்மொனெல்லாவைக் கலந்து சோதித்தபோது, அது முழுதாகச் சாக ஏறக்குறைய 3 வாரம் எடுத்தது. எங்கட வீட்டில் ஆர் 3 வாரம் காத்திருக்கப் போயினம்? அடுப்பு சில நிமிசத்தில் அந்த வேலையைச் செய்துவிடும். 71 பாகை செல்சியஸ் போதும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன்ர பழக்கம், எங்களுக்கு ஏன்?" என்று கேட்கிற ஆக்களும் இருக்கினம். முட்டைக்கோப்பியை மறந்திட்டியளோ? முட்டையைச் சீனியோடு நுரைக்க அடித்து, சுடச்சுடக் கோப்பி விட்டு, உடம்பு தேற வேண்டிய ஆக்களுக்குக் கொடுக்கிற வழக்கம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அதற்குள் பிராண்டி விட்ட வீடுகளும் உண்டு, விடாத வீடுகளும் உண்டு. இரண்டையும் முட்டைக்கோப்பி என்றுதான் சொன்னோம்.

நான் இதைப் பெரிய விசயமாகப் பேசுவதற்குக் காரணம் எங்கட நத்தார்தான். பாலன் பூசை முடிந்து வந்த பிறகு என்ன நடக்கிறது? ஆண்கள் வளவின் பின்பக்கம் போத்தலோடு. பெண்கள் குசினிக்குள். சின்னப்பிள்ளைகள் சோடாவோடு. ஒரே பெருநாளுக்கு மூன்று மேசை. குடிக்க விருப்பமில்லாத பெடியனை "இண்டைக்கு மட்டும் ஒண்டு" என்று இழுத்துக்கொண்டு போவதும் அந்தப் பின்பக்கத்துக்குத்தான். கொண்டாட்டம் என்றால் குடி என்ற பாடத்தை அங்கேதான் படிக்கிறோம். குடிக்கிற எல்லாரையும் திருத்த நான் வரவில்லை. எல்லாரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவரக்கூடிய பானத்தையும் பின்பக்கத்துக்கு அனுப்பிவிடாதேங்கோ என்றுதான் கேட்கிறேன்.

செய்வது கஷ்டமில்லை. 1 லீற்றர் பால், 6 மஞ்சட்கரு, 100 கிராம் சீனி. 8 சின்னக் கோப்பைக்குக் காணும். மஞ்சட்கருவையும் சீனியையும் நிறம் வெளுக்கும் வரை அடியுங்கோ. பாலைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக முட்டைக்குள் விட்டுக் கலக்குங்கோ. ஒரேயடியாக ஊத்தினால் முட்டை வெந்து கட்டியாகிவிடும். பிறகு எல்லாவற்றையும் சட்டியில் விட்டு, மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிண்டுங்கோ. கொதிக்க விடக்கூடாது. கரண்டியின் பின்பக்கத்தில் அது ஒட்டி, விரலால் கீறினால் கோடு அப்படியே நிற்கும்போது இறக்குங்கோ. ஆறவைத்துக் குளிரூட்டி, 2 நாளுக்குள் குடித்து முடியுங்கோ. கிறீம் வாங்கக் காசில்லை என்றால், இறக்கின பிறகு கொஞ்சம் தேங்காய் முதற்பால் சேர்க்கலாம். சாதிக்காய்க்கு எங்கேயும் போகத் தேவையில்லை. கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கமே விளைகிறது. மிஞ்சிய வெள்ளைக்கரு காலமை பொரிக்க உதவும்.

2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாடு இது. பாலும் முட்டையும் இன்றைக்கும் பலருக்குச் சும்மா வருகிற சாமான் இல்லை என்று தெரியும். ஆனால் நத்தாருக்கு வாங்குகிற ஒரு போத்தல் சாராயக் காசில் இதை எத்தனை தரம் செய்யலாம் என்று ஒருக்கால் கணக்குப் பாருங்கோ.

இன்னுமொன்று. கைவிடாமல் கிண்டுகிற வேலையை அம்மாவின் தலையில் போடாதேங்கோ. கேக் அடித்தே அவவுக்குக் கை உளைந்திருக்கும். பின்பக்கத்தில் நிற்கிற அண்ணையைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுங்கோ. அவருக்குச் சாராயம் விடத்தான் வேண்டும் என்றால், தன்ர கோப்பைக்குள் தான் விடட்டும். சட்டி எல்லாருக்கும் பொது.