வீடும் வளவும்: கோடிப்புறத்து மரக்கொட்டில்



வீட்டுக் கோடியில் சிறிய மர அறை ஒன்றை நாமே கட்டலாமா, மாரிக் குளிரிலும் அதற்குள் இருந்து படிக்கமுடியுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஹரோவிலும் ரூட்டிங்கிலும் ஈஸ்ற்ஹாமிலும் நம்மவர்கள் குடியிருக்கும் வீடுகளை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் அவசியம் விளங்கும். மூன்று அறை வீட்டில் அம்மம்மாவும் பிள்ளைகளும் ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினரும் நெருக்கிக்கொண்டு இருக்கிறோம். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசை போட இடமில்லை. தையல் மெசின் படிக்குக் கீழே கிடக்கிறது. பின்வளவோ புல் வளர்ந்தபடி சும்மா கிடக்கிறது.

கட்டலாம். ஆனால் நாம் முதலில் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது. ஆகவே அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

முதலில் நாம் வாங்கியது கடையில் ஆயத்தமாக விற்கும் ஒற்றைப்பலகை ஷெட். ஒரே நாளில் பூட்டி முடித்தோம். வீட்டு அலுமாரியில் இடம் எடுக்கலாம் என்று அம்மாவின் பழைய சூட்கேசை அங்கே கொண்டுபோய் வைத்தோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் அம்மா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த பெட்டி அது. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், கலியாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். மாரி முழுவதும் அதை நாம் திறக்கவில்லை. பங்குனியில் திறந்தபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், உறுதியின் மடிப்புகளில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அம்மா கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னா: “அண்டைக்கு அந்த மழைக்குள்ளாலை நனையாமல் கொண்டந்தனான். இஞ்சை கூரைக்குக் கீழை வைச்சு நனைஞ்சு போச்சே.”

கூரையில் ஒரு துளி ஒழுக்குக்கூட இருக்கவில்லை. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான். காற்றில் எப்போதும் நீராவி உண்டு. தெளிந்த மாரி இரவுகளில் மெல்லிய கூரை தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. உள்ளேயிருக்கும் ஈரக்காற்று அதில் படும்போது நீராகி முத்து முத்தாய்ச் சொட்டுகிறது. நாம் உள்ளே இருந்து மூச்சு விட்டால், தேத்தண்ணிக் கேத்தில் கொதித்தால் இன்னும் கூடும்.

ஊரில் பனை வளையும் கிடுகும் கொண்டு வேய்ந்த கொட்டிலில் இந்தத் தொல்லை இல்லை. கிடுகின் இடுக்கால் காற்று போய்வரும், உள்ளும் வெளியும் ஒரே சூடு. லண்டனில் நாம் குளிருக்குப் பயந்து காற்றை அடைக்கிறோம். அடைத்தால் ஈரமும் உள்ளே அடைபடுகிறது. எனவே இங்கே கொட்டில் கட்டுகிறவர் மழையோடு நீராவிக்கும் வழிசொல்லியாக வேண்டும்.

லண்டன் வளவுகளுக்கு இது பழைய பாடம். 1939இல் போர் நெருங்கியபோது அரசாங்கம் அன்டர்சன் ஷெல்ரர் என்ற பெயரில் நெளிதகட்டுப் பதுங்கிடங்களை வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. ஆண்டு வருமானம் 250 பவுணுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 7 பவுண். வளவில் கிடங்கு வெட்டி, தகட்டை இறக்கி, மேலே மண் போடவேண்டும். குண்டுக்குத் தப்பிய சனங்கள் அதற்குள் குளிராலும் ஈரத்தாலும் பட்ட பாடு பெரிது. பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிப் பங்கர் வெட்டிய நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. போர் முடிந்தபின் அந்தத் தகடுகள் பலவற்றை மேலே எடுத்து, வளவிலேயே ஷெட்டாக நிமிர்த்திக்கொண்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வாளைத் தூக்குமுன் சட்டத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் சாதாரண வீடென்றால், வளவுக் கட்டடத்துக்குப் பெரும்பாலும் பிளானிங் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஒரே தட்டாக இருக்கவேண்டும். வீட்டின் முன்பக்கத்தில் வரக்கூடாது. எல்லை வேலியிலிருந்து 2 மீற்றருக்குள் வந்தால் முழு உயரமும் 2.5 மீற்றரைத் தாண்டக்கூடாது. எல்லாக் கட்டடங்களும் சேர்ந்து, முதல் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்குமேல் மூடக்கூடாது. பிளற்றில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடம், பாதுகாப்புப் பகுதி என்றால் விதிகள் வேறு. கவுன்சில் வீடோ வாடகை வீடோ என்றால் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். தளம் 15 சதுர மீற்றருக்குள் இருந்து, படுக்கை இல்லாவிட்டால் கட்டட ஒழுங்குவிதிகளும் பொதுவாகப் பொருந்தா.

பழைய ஷெட்டையோ கராஜையோ இடிக்கவேண்டியிருந்தால் அதன் கூரையைக் கவனியுங்கள். சாம்பல் நிற நெளிசீற்று என்றால் அஸ்பெஸ்ரஸ் கலந்ததாக இருக்கலாம். பிரித்தானியாவில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். உடைக்கவோ அரியவோ வேண்டாம், கவுன்சிலைக் கேளுங்கள்.

அளவை பலகைக்கு ஏற்றபடி தீர்மானியுங்கள். இங்கே பலகைகள் 2.4 மீற்றர் நீளம், 1.2 மீற்றர் அகலத்தில் வருகின்றன. 3.6க்கு 2.4 மீற்றர் என்று கட்டினால் வெட்டும் வேலையும் விரயமும் குறையும். 2.5 மீற்றர் உயரத்தில் தளத்தின் தடிப்பையும் கூரையின் தடிப்பையும் கழித்தால், உள்ளே தலைக்குமேல் மிஞ்சுவது கொஞ்சம்தான். முதலே கடதாசியில் கீறிக் கணக்குப் பாருங்கள். வேலியிலிருந்து அரை மீற்றராவது தள்ளிக் கட்டினால்தான் பின்னால் போய் வர்ணம் பூசலாம், காற்றும் ஓடும்.

அத்திவாரம்: லண்டனில் பல இடங்களில் களிமண். மாரியில் வீங்கும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். மேல்மண்ணை எடுத்துவிட்டு, கல்லும் சல்லியும் போட்டு இறுக்கி, அதன்மேல் கொங்கிறீற் கட்டைகளை ஒரே மட்டத்தில் வையுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலை சரி. மரம் ஒருபோதும் மண்ணைத் தொடக்கூடாது. தளத்துக்குக் கீழே காற்று ஓட இடைவெளி இருக்கட்டும்.

தளத்துக்கு மருந்தேற்றிய மரங்களைக் குறுக்கே போட்டு, இடையில் வெப்பக்காப்புப் பலகையை இறுக்கமாகச் செருகி, மேலே 18 மில்லிமீற்றர் பலகை அடியுங்கள். பி.ஐ.ஆர். என்று விற்கும் கடின நுரைப்பலகை விலை கூட, ஆனால் 50 மில்லிமீற்றர் தடிப்பிலேயே ஏறக்குறைய 80, 90 மில்லிமீற்றர் கம்பளிநார் செய்யும் வேலையைச் செய்யும். வெட்டும்போது முகமூடி போடுங்கள்.

சுவர்தான் முக்கியம். 89க்கு 38 மில்லிமீற்றர் மரத்தை 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நிறுத்தி, நிலத்தில் கிடத்தியே சட்டமாக அடித்து, பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து நிமிர்த்துங்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் ஒழுங்கை மனதில் பதியுங்கள். முதலில் மழையைத் தாங்கும் வெளிப்பலகை. அதன் பின்னால் 25 மில்லிமீற்றர் சிலாகை தரும் காற்றிடைவெளி. பிறகு மழையைத் தடுத்து நீராவியை வெளியே விடும் மூச்சுத்துணி. பிறகு சட்டத்தை விறைப்பாக்கும் ஓ.எஸ்.பி. பலகை. மரங்களுக்கிடையில் வெப்பக்காப்பு. கடைசியாக, அறையின் பக்கத்தில், தடித்த பொலித்தீன் விரிப்பு. அதை மூடி பிளாஸ்ரர் போட் அடிக்கவேண்டும். நுரைப்பலகையைத் திறந்தபடி விட்டால் நெருப்புக்கு ஆபத்து.

அந்தப் பொலித்தீன் எப்போதும் சூடான பக்கத்தில், அதாவது உட்பக்கத்தில்தான் வரவேண்டும். வெளிப்பக்கம் போட்டால் நமது மூச்சின் ஈரம் சுவருக்குள் புகுந்து, அங்கேயே நீராகி, மரத்தை உள்ளிருந்து உக்கவைக்கும். வெளியே பார்த்தால் ஐந்தாறு வருடம் ஒன்றும் தெரியாது. பொருத்துகளையும் ஆணித் துளைகளையும் வயர் வரும் ஓட்டைகளையும் ரேப் போட்டு ஒட்டுங்கள்.

கூரைக்கும் அதே ஒழுங்குதான். கைமரத்தின்மேல் பலகை, அதன்மேல் பொலித்தீன், அதன்மேல் வெப்பக்காப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே துண்டான றப்பர் விரிப்பு. 2.4 மீற்றர் அகலத்துக்கு 6 சென்ரிமீற்றராவது சரிவு வேண்டும். பீலி வைத்து மழைநீரைப் பீப்பாயில் பிடித்தால் மிளகாய்க் கன்றுக்கு ஊற்றலாம்.

இரட்டைக் கண்ணாடி யன்னல் போடுங்கள், ஆனால் சிறு காற்றுத்துவாரம் இல்லாமல் அல்ல. கதவு யன்னலை இறுக்கப் பூட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஹீற்றர் எரிப்பது வேண்டவே வேண்டாம். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாய் அறைக்குள் சேரும். அதைவிட, காபன் மொனொக்சைட் ஆளையே கொன்றுவிடும். சிறிய மின் ஹீற்றர் போதும். மின்சாரத்தை மட்டும் நாம் தொடக்கூடாது. புதிய இணைப்பு கவுன்சிலுக்கு அறிவிக்கப்படவேண்டியது. பதிவுபெற்ற மின்வேலையாளரிடம் விட்டு, சாட்சிப்பத்திரத்தை வாங்கி வையுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அறை சூடாகவும் வடிவாகவும் வந்தபின், “தம்பியை இங்கேயே படுக்கவிடலாமே, யாருக்காவது வாடகைக்கும் விடலாமே” என்ற எண்ணம் வரும். விடாதீர்கள். குடியிருக்கும் இடமென்றால் தனி அனுமதி வேண்டும், நெருப்புக்குத் தப்பும் வழி வேண்டும். 2012 அளவில் ஷெட்டுகளில் ஆட்களைக் குடிவைத்தவர்கள்மீது லண்டன் கவுன்சில்கள் பல நடவடிக்கை எடுத்தன. 2013இல் பக்கத்து ஸ்லவ் நகரில் விமானத்திலிருந்து வெப்பப் படம் பிடித்தே தேடினார்கள். விசா அலுவல் முடியாத ஒரு பிள்ளை அப்படியொரு இடத்தில் பிடிபட்டால், வாடகை வாங்கியவரைவிடக் கூடுதலாகப் பயந்து சாவது அந்தப் பிள்ளைதான்.

எமது புதிய கொட்டிலைக் கட்டி முடிக்க எட்டு வார இறுதிகள் சென்றன. மைத்துனரும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் உதவிக்கு வந்தார்கள். முடிந்ததும் சாமான் எதையும் வைக்காமல் ஈரமானி ஒன்றை மட்டும் சுவரில் கொழுவி, ஒரு மாரி முழுவதும் பார்த்தோம். நூற்றுக்கு 60ஐ அது தாண்டிய நாட்கள் மிகச் சில. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். இப்போது மகள் அங்கேதான் படிக்கிறாள், அம்மாவின் தையல் மெசினும் அங்கேதான். காலையில் கதவைத் திறந்ததும் அம்மா முதலில் பார்ப்பது ஈரமானியைத்தான்.

சூட்கேஸ் மட்டும் அங்கே போகவில்லை. அது அம்மாவின் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. தப்பிய பத்திரங்களை எல்லாம் பிரதி எடுத்து இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறோம். கொட்டில் கட்டுகிறீர்களோ இல்லையோ, இந்த வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதியனுப்புங்கள். பிழைத்ததையும் எழுதுங்கள், அதுதான் மற்றவர்களுக்குக் கூடுதலாக உதவும். அடுத்த இதழில் சந்திப்போம்.