வேப்பிலை செருகினால் மட்டும் போதுமா?

கொப்பளிப்பானை எமது பகுதியில் அம்மாள் வருத்தம் என்போம். வாசலில் வேப்பிலை செருகுவோம். அயலவர் உள்ளே வரமாட்டார்கள். நோயாளி ஒதுக்கமான இடத்தில் இளநீரும் கஞ்சியுமாகப் படுத்திருப்பார். இதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் உண்டு. அது சரியல்ல. வேப்பிலை நோய்க்கிருமியைக் கொல்லாது. ஆனால் வாசலில் நின்று ஆட்களைத் தடுத்தது. அந்தத் தடைதான் உண்மையான மருந்து.

இடப்பெயர்வு முதலில் பறிப்பதும் அந்தத் தடையையே. 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் எழுவான்கரைக்கு ஓடிவந்து பாடசாலைகளிலும் தறப்பாள் கொட்டில்களிலும் ஒதுங்கினர். 2009இல் வவுனியா முகாம்களில் கொப்பளிப்பான் பரவியது. வாசலே இல்லாத கொட்டிலில் வேப்பிலையை எங்கே செருகுவது?

இந்நோய் காற்றாலும் தொடுகையாலும் பரவும். கொப்புளம் தோன்ற இரண்டு நாள் முன்பிருந்து, எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரை தொற்றும். தொற்றியவருக்கு 10 முதல் 21 நாட்களுள் வெளிப்படும். ஆகவே முகாமில் ஓர் அறையையோ கொட்டிலையோ நோயாளருக்கென ஒதுக்கும்படி நாம் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். முன்னர் இந்நோய் கண்டவரே அவர்களைப் பராமரிப்பது நல்லது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

கைவைத்தியத்தில் நல்லதை வைத்துக்கொள்வோம். வேப்பிலை அவித்து ஆறிய நீரில் உடம்பு கழுவலாம், இளநீர் கொடுக்கலாம், பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டலாம். குளிக்க விடாமல் வைத்திருப்பதையும், மீன் முட்டை ஆகாதென்று மெலிய விடுவதையும், புண்ணில் சாம்பல் பூசுவதையும் விட்டுவிடுவோம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

“அம்மாள் வந்த வீட்டில் மருந்து ஆகாது” என்ற பேச்சுத்தான் ஆபத்தானது. கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள், வளர்ந்தோர், வேறு நோயால் நலிந்தோர் ஆகியோருக்கு இது கடுமையாகலாம். அவர்களை முதல் நாளே வைத்தியரிடம் காட்டுங்கள். அசைக்ளோவிர் குளிசை கொப்புளம் தோன்றி 24 மணித்தியாலத்துள் தொடங்கினாலே நன்கு பயன்தரும். மூச்சு வாங்கினால், மயக்கம் கண்டால், புண் சீழ் பிடித்தால் யாராயினும் தாமதிக்கக் கூடாது. மண்டூரிலிருந்து களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போக வாவியைக் கடக்க வேண்டும், இருட்டும்வரை பார்த்திருக்காதீர்கள்.

வைகாசிக் குளிர்த்திக்கு நேர்த்தி வைப்போர் வைக்கட்டும். நேர்த்தியும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.