பெயர் ஒட்டியது நம் விரல்

கல்யாணப் படங்களை ஃபேஸ்புக்கில் ஏற்றியதும் அது ஒவ்வொரு முகத்தையும் கட்டம் கட்டி, இவர் யார் என்று கேட்டது. நாம் சளைக்காமல் பதில் சொன்னோம். சித்தப்பா, எதிர் வீட்டு அக்கா, கல்லூரியில் பின்பெஞ்சுக்காரன். சில நாளில் அதுவே பெயரைச் சொல்லத் தொடங்கியது. "பாரேன், கரெக்டா கண்டுபிடிச்சிருச்சு!" என்று பூரித்துப்போனோம். அதற்குப் பாடம் எடுத்த வாத்தியார் யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

2014-இல் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'டீப்ஃபேஸ்' கட்டுரையில் கணக்கு இருக்கிறது. ஃபேஸ்புக் படங்களிலிருந்து எடுத்த, பெயர் தெரிந்த 4,030 பேரின் 44 லட்சம் முகங்களைக் கொண்டு மென்பொருளைப் பழக்கினார்கள். முகத்துக்குப் பெயர் எழுதுவது கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை. அதைத்தான் நாம் சாப்பிட்டு முடித்த கையோடு, இலவசமாக, சிரித்துக்கொண்டே செய்துகொண்டிருந்தோம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் முன்பே விழித்திருந்தது. கைரேகையைக் காட்டிப் பணம் செலுத்தும் வசதி தந்த ஒரு நிறுவனம் திவாலாக, அது சேர்த்த ரேகைகள் யார் கைக்குப் போகுமோ என்ற கவலை அங்கே எழுந்தது. 2008-இல் சட்டம் வந்தது: முக அளவையோ ரேகையையோ எடுப்பதற்கு முன் எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். கவனக்குறைவால் மீறினால் 1,000 டாலர், தெரிந்தே மீறினால் 5,000. அதை வைத்துத்தான் 2015-இல் ஃபேஸ்புக் மீது வழக்குப் போட்டார்கள். 55 கோடி டாலரில் முடித்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் வந்தபோது, நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ அது போதுமா என்று கேட்டார். தொகை 65 கோடியானது. 2021-இல் ஒப்புதல் கிடைத்தது.

அந்தச் செய்தியை நாம் எப்படிப் படித்தோம்? தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டோம், நமக்கு வராது என்றதும் அடுத்த செய்திக்குத் தாவினோம். இல்லினாய்க்காரர்களும் நம்மைப் போலத்தான். படிவம் நிரப்பிக் கேட்டாலே பணம் என்றபோதும் கேட்டவர்கள் சுமார் 16 லட்சம் பேர், தகுதி பெற்றவர்களில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

நிறுவனம் நம்மிடம் கேட்கவில்லை என்பது வழக்கு. நாம் பாட்டியிடம் கேட்டோமா? ஃபேஸ்புக் என்ற பேரே தெரியாதவரைப் பந்தியில் படமெடுத்து, ஊர் பேரோடு போட்டோம். முதல் பிறந்தநாள் கொண்டாடிய பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை. அதன் முகத்தையும் கொடுத்தோம். முகம் அறியும் வசதியை அணைக்க அமைப்புகளுக்குள் ஒரு பொத்தான் இருந்தது. தேடிப் போனவர் நம்மில் எத்தனை பேர்?

2021 நவம்பரில் அந்த வசதியை மூடுவதாகவும், நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் முக அளவுகளை அழிப்பதாகவும் நிறுவனம் அறிவித்தது. நாம் ஒட்டிய பெயர்கள் பழைய ஆல்பங்களில் அப்படியேதான் இருக்கின்றன.