தண்டவாளம் திரும்பியது, சந்தை ஏறவில்லை

தொழில் நகரம் என்றால் புகைபோக்கியும் ஆலைச் சங்கும் இருக்கவேண்டும் என்று எண்ணுவோருக்குச் சாவகச்சேரி ஒரு தொழில் நகரமாகத் தோன்றாது. ஆனால், தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் வாழைக்குலையும் வந்து குவிந்து, தரம் பிரிக்கப்பட்டு, வெளியூருக்குப் புறப்பட்ட அந்தச் சந்தைதான் தென்மராட்சியின் ஆலை. அதற்கு உயிர்நாடியாக இருந்தது புகையிரதம்.

1902 ஆம் ஆண்டு காங்கேசன்துறையிலிருந்து போடப்பட்ட பாதை முதலில் வந்து நின்ற இடம் சாவகச்சேரி. 1905 இல் அது கொழும்புடன் இணைந்தது. 1956 இல் யாழ்தேவி வந்தது. அந்த வண்டியைப் பற்றி நாம் உருகி உருகி எழுதியிருக்கிறோம். ஆனால் சந்தைச் சரக்கையும் கடைச் சாமானையும் சுமந்த பெட்டிகளைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. ஊரை வளர்த்ததில் அவற்றுக்கும் பங்குண்டு.

1990 ஜூனில் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போயின. 2000 ஆம் ஆண்டுப் போரில் நகரமே இடிபாடாகியது. 2014 இல் பாதை மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியபோது, மக்கள் மாலையோடு வரவேற்றனர். மகிழ்ச்சி நியாயமானதே. எனினும் திரும்பி வந்தது பயணிகளின் புகையிரதம் மட்டுமே. விளைபொருள் இன்றும் லொறியை நம்பியே இருக்கிறது.

லொறி தோட்டத்து வாசலுக்கே வரும், புகையிரதத்துக்கு இரண்டு தடவை ஏற்றி இறக்கவேண்டும் என்று வியாபாரிகள் கூறுவர். உண்மைதான். ஆகவேதான் நிலையத்தை ஒட்டி ஒரு சேகரிப்பு நிலையமும் குளிர்களஞ்சியமும் வேண்டும் என்கிறேன். 2022 இல் டீசலுக்காக லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறந்துவிட முடியாது. ஒரே வழியை நம்பிய விவசாயிக்கு அந்த வழி அடைபட்டால் விளைச்சல் குப்பைக்குத்தான் போகும்.

புகையிரதத் திணைக்களமும் நகரசபையும் விவசாயிகள் சங்கங்களும் ஒரு மேசையில் அமர்ந்து பேசட்டும். முதலில் மாம்பழப் பருவத்தில் மட்டும் ஒரு சரக்குப் பெட்டியை இணைத்துப் பார்க்கட்டும். கணக்குச் சரிவராவிட்டால் நிறுத்திவிடலாம். ஒரு தடவையேனும் முயன்று பார்க்காமல் "இலாபமில்லை" என்று கோப்பை மூடுவதைத்தான் ஏற்கமுடியாது.