பூனைக்குக் கடவுட் பெயர்

மேலை நாடுகளில் வளர்ப்புப் பூனைகட்கு ஐசிசு, ஒசிரிசு எனப் பண்டை எகிப்தியக் கடவுளரின் பெயர்களைச் சூட்டி மகிழ்வார் பலர். எகிப்தியரோ பூனையை அதன் குரல்கொண்டே 'மியூ' என்றழைத்தனர். இளவரசன் துத்மோசு தன் பூனைக்குச் செய்வித்த கற்பேழையிலும் 'தா மியூ', அஃதாவது 'பெண்பூனை' என்னும் தாய்மொழிச் சொல்லே பொறிக்கப்பெற்றுள்ளது.

ஐசிசு, ஒசிரிசு என்பனவோ கிரேக்கர் வாயில் திரிந்த வடிவங்கள். எகிப்தில் இன்று வழங்குவது அரபு. பண்டை மொழியின் வழிவந்த காப்டிக்கு, கிறித்தவ வழிபாட்டளவில் ஒடுங்கிற்று. மறைந்த எழுத்தைப் படித்துக்காட்ட 1822-இல் சாம்போலியன் என்னும் பிரெஞ்சுக்காரர் வரவேண்டியிருந்தது.

பூனைக்குப் பெயரிடுவோர்மேல் பிழையில்லை. தன் மொழியை இழந்த இனத்தின் கடவுட்பெயரும் பிறர் வீட்டு விளையாட்டுப் பெயராகும். தமிழர் இதனை எண்ணுவாராக!