எளிய கிறிஸ்துமஸ்

பண்டிகையின் சந்தோஷம் கைப்பொருளின் அளவைப் பொறுத்தது என்று எண்ணுவோர் பலர். அவர்கள் 1940-ம் வருஷத்தில் லண்டன் நகரத்து ஏழைக் குடும்பங்கள் கொண்டாடிய கிறிஸ்துமஸைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்பது நலம்.

அவ்வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி தொடங்கி இரண்டு மாத காலம் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் ஜெர்மன் விமானங்கள் அந்நகரின்மீது குண்டு மாரி பொழிந்தன. வீடிழந்தோர் எண்ணற்றோர். புருஷர்கள் பலர் யுத்த சேவைக்குச் சென்றிருந்தனர். குழந்தைகளில் அநேகர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். வீதிகளில் விளக்கில்லை. எதிரி வந்திறங்கினால் எச்சரிக்கை செய்வதற்கென்று ஒதுக்கப்பட்டமையால், தேவாலய மணிகளும் ஜூன் மாதம் முதல் மௌனம் சாதித்தன.

உணவு நிலைமையோ சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை, வெண்ணெய், பன்றியிறைச்சி ஆகியவற்றுக்கு ஜனவரி 8-ந் தேதியே பங்கீடு ஏற்பட்டது. ஜூலையில் தேயிலையும் சேர்ந்தது. தலைக்கு வாரம் 2 அவுன்ஸ் தேயிலை, 8 அவுன்ஸ் சர்க்கரை. பண்டிகையை முன்னிட்டு ஒரு வாரம் மட்டும் தேயிலை 4 அவுன்ஸாகவும் சர்க்கரை 12 அவுன்ஸாகவும் உயர்த்தப்பட்டன. இவ்வளவே ஸர்க்கார் அளித்த சலுகை!

அப்படியிருந்தும் பண்டிகை நின்றுவிடவில்லை. உலர்ந்த திராட்சை கிடைக்காத வீடுகளில் துருவிய காரட்டைச் சேர்த்து இனிப்புப் பண்டம் செய்தார்கள். பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்தெடுத்த நூலில் தாய்மார் குழந்தைகளுக்குப் பொம்மை பின்னினார்கள். பதுங்கு அறைக்குள் அடங்கக்கூடிய குட்டை மரமொன்றைக் காகிதத் தோரணத்தால் அலங்கரித்தார்கள். அந்தப் பண்டிகை இரவுகளில் லண்டன்மீது குண்டு விழவில்லை. இன்று நம்மவர் எல்லோரும் உயிரோடு ஒருங்கே அமர்ந்திருக்கிறோம் என்பதைவிடப் பெரிய பரிசு அக்குடும்பங்களுக்கு வேறென்ன வேண்டும்? 29-ந் தேதி இரவே நகரின் பழம்பகுதி தீக்கிரையாயிற்று என்பதை நினைக்கும்போதுதான் அச்சில நாட்களின் அருமை விளங்கும்.

ஆனால் இதைக்கொண்டு, ‘ஏழைக்கு எளிமையே போதும்’ என்று உபதேசம் செய்யப் புறப்படுவோருக்கு ஒரு வார்த்தை. வறுமை யாருக்கும் ஆனந்தம் தந்ததில்லை. அந்த ஜனங்களுக்கு மனோதைரியம் அளித்தவை இரண்டு: ஒன்று குடும்ப பாசம்; மற்றொன்று, கஷ்டம் எல்லோருக்கும் பொது என்ற நம்பிக்கை. கள்ள மார்க்கெட்டும், செல்வர்க்குரிய போஜன விடுதிகளும் அங்கே இல்லாமலில்லை. எனினும் பங்கீட்டுப் புத்தகம் கூலிக்காரன் வீட்டிலும் இருந்தது. மன்னர் அரண்மனையிலும் இருந்தது. 1954-ம் வருஷம் ஜூலை வரையில் நீடித்த பங்கீட்டை, 14 கிறிஸ்துமஸ்களிலும் அவர்கள் பொறுத்துக்கொண்டதற்கு இதுவும் முக்கிய காரணமாகும்.

ஆகவே, கஷ்ட காலத்திலே சிக்கனத்தைப் போதிக்க விரும்புவோர் முதலில் அதே அளவைத் தம் இலையிலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பண்டம் குறைந்தாலும் பண்டிகை குறைவதில்லை. ஆனால் பந்தி வஞ்சனை நேர்ந்த இடத்தில் எத்தனை பண்டம் இருந்தும் பயனில்லை.