வாடகையில்லா வாடகைத் தாய்



ஏலத்துக்கே ஏலம் நடக்கும் ஊர் போடிநாயக்கனூர். சொல் விளையாட்டன்று, ஊரின் பிழைப்பே அது. மலைச்சரிவில் விளைந்த ஏலக்காய் மூட்டை மூட்டையாக இறங்கி வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் வாணிகர்கள் அமர்கிறார்கள். காய் எட்டு மில்லிமீட்டர் பருமனா, ஏழா, அதனினும் சிறிதா. பச்சை நிறம் நிற்கிறதா, வெளுத்துவிட்டதா என்று புரட்டிப் பார்த்துப் புரட்டிப் பார்த்து விலை கூறுகிறார்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினாலும் செய்தி, இறங்கினாலும் செய்தி!

காய்க்கு இத்தனை கணக்கு உண்டு. காயைப் பறித்த கைக்கு?

ஏலச்செடி தன் காயைத் தலையில் சூடிக்கொள்வதில்லை. காலடியில், தரையோடு தரையாகப் படரும் சரத்தில் காய்க்கிறது. பறிப்பவள் குனிந்தே ஆகவேண்டும், குந்தியே ஆகவேண்டும். ஈரத்தில் அட்டை கடிக்கும். மேலே மரநிழல் குளிரும். பொழுது விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, முந்தலைக் கடந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி, போடிமெட்டு தாண்டிக் கேரளத்துத் தோட்டங்களுக்குச் செல்லும் நம் பெண்களின் கணக்கை எந்த ஏல மையமும் எழுதி வைப்பதில்லை. அந்தக் கையைப் பற்றி முன்பும் பலர் எழுதியதுண்டு. இன்று நான் பேச விரும்புவது அந்தப் பெண்ணின் வயிற்றைப் பற்றி; அவள் மருத்துவமனைக்குக் கட்டும் பையைப் பற்றி.

பேறுகாலத்துக்குப் பை கட்டும் காட்சியை அறியாத தமிழ் வீடு உண்டா? ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை ஒன்று எட்டாம் மாதத்திலேயே சுவரோரம் வந்து நிற்கும். துவைத்துத் துவைத்து மென்மையான பழைய நூல் சேலைகள் இரண்டு. அவற்றில் ஒன்று குழந்தைக்குத் துணியாகக் கிழிக்கப்படும். வெந்நீருக்குப் பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், சோப்பு, நைட்டி, துண்டு. ஸ்கேன் எடுத்த தாள்கள், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்று பெற வேண்டுமெனில் தேவைப்படும் பிக்மி எண். பையின் அடியில் யாரோ ஒரு பாட்டி செருகி வைத்த சுக்கு, பூண்டு. கட்டுகிறவள் ஒருத்தி, கட்டப்படுவது இருவருக்காக.

இப்பொழுது இன்னொரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கற்பனைப் பெண்தான், பெயர் வேண்டாம். போடிக்காரி, வயது முப்பது, பிள்ளைகள் இருவர், மலைக்குப் போய்க் காய் எடுப்பவள். மதுரையில் வாழும் சித்தி மகளுக்குக் கருப்பை இல்லை, நோயில் எடுத்துவிட்டார்கள். “அக்காவுக்காக நான் சுமக்கிறேன்” என்கிறாள் இவள். மாவட்ட மருத்துவக் குழு சான்று தருகிறது. நடுவர் மன்றம் ஆணை தருகிறது. அக்கா, அக்கா கணவர் ஆகியோரின் கரு இவள் வயிற்றில் வளர்கிறது. சட்டப்படி எல்லாம் செம்மை.

அவளும் பை கட்டுகிறாள். பழைய சேலை ஒன்றுதான்; கிழிப்பதற்கு இரண்டாவது தேவையில்லை. குழந்தைச் சட்டையை அக்கா கொண்டு வருவாள். மற்றப் பெண்களின் பையில் இல்லாத சில தாள்கள் இவள் பையில் உண்டு: ஒப்புதல் பத்திரம், நடுவர் ஆணையின் நகல், காப்பீட்டுப் பத்திரம். மூன்றாம் நாள் பால் கட்டுமே, அதற்கென ஒரு துணியை மடித்து வைக்கிறாள். மகவு யாருடையது என்று சட்டம் தீர்த்துவிட்டது; மார்பு சட்டம் படித்ததில்லை.

2015-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் என்று 16 பொருள்கள் கொண்ட பை ஒன்றை வழங்கத் தொடங்கினார்கள். குழந்தைத் துண்டு, உடை, சிறு மெத்தை, கொசுவலை, எண்ணெய், கிலுகிலுப்பை, பொம்மை எனப் பட்டியல் நீளும். நல்ல திட்டம், குறை கூற வரவில்லை. அந்தப் பதினாறிலும் தாய்க்கென்றே வைத்தவை எவை என்று தேடினால், ஒரு குளியல் சோப்பும், சௌபாக்கிய சுண்டி லேகியமும் கிடைக்கின்றன. நம் போடிக்காரிக்கு அப்பெட்டகத்தைத் தந்தால் அவள் எடுத்துக்கொள்ளக் கூடியவையும் ஏறத்தாழ அவ்விரண்டே!

இவளை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம்? வாடகைத் தாய்.

என்ன விந்தை பாருங்கள்! 2021 டிசம்பரில் இயற்றப்பட்டு, 2022 சனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைத் தாய் முறை ஒழுங்குபடுத்தும் சட்டம் வாடகையைத் தடை செய்கிறது. சுமப்பவள் 25 முதல் 35 வயதுக்குள் இருக்கவேண்டும். மணமானவளாக, தனக்கென ஒரு குழந்தை உடையவளாக இருக்கவேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் சுமக்கலாம். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் அவளுக்கு உண்டு. அவற்றுக்கு அப்பால் கட்டணமோ ஊதியமோ ஊக்கப் பணமோ கூடாது. மீறி வணிகம் நடத்துவோருக்குப் பத்தாண்டு வரை சிறை, பத்து இலட்சம் வரை தண்டம். வாடகை போயிற்று, பெயரில் மட்டும் வாடகை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாடகை வாங்கியவள் என்ற ஏச்சு உண்டு, வாடகை இல்லை!

அப்படியானால் பழைய சந்தை திரும்பவேண்டுமா என்று நீங்கள் வினவக் கூடும். வேண்டாம். ஆயிரம் முறை வேண்டாம். குஜராத்தின் ஆனந்த் நகரில் பெண்களை விடுதிகளில் தங்க வைத்து, வெளிநாட்டார்க்குப் பிள்ளை பெற்றுத் தரும் தொழில் பல்லாண்டுகள் நடந்ததை நாடு மறந்துவிடவில்லை. 2008-இல் அங்கே பிறந்த ஒரு குழந்தை, அது பிறக்குமுன்பே ஜப்பானியத் தம்பதியர் மணவிலக்குப் பெற்றுவிட்டதால், எந்த நாட்டுக் குழந்தை என்று தெரியாமல் உச்ச நீதிமன்றம் வரை வழக்காயிற்று. 2015-இல் வெளிநாட்டார்க்குக் கதவு அடைக்கப்பட்டது. நம் வீட்டுக் கதையும் அழகானதன்று. 2022-இல் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையை, வயதைத் திருத்திய ஆதார் அட்டையைக் காட்டிப் பலமுறை விற்ற செய்தி வெளிவந்து தமிழகம் தலைகுனிந்தது. 2025-இல் பள்ளிப்பாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகங்களைத் தரகர்கள் விலை பேசிய செய்தி வந்தது. ஏழையின் உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஏலம் விடும் கூட்டம் நம்மிடையே உண்டு. அக்கூட்டத்துக்குக் கதவு திறக்கச் சொல்பவன் நானல்லன்.

நான் கேட்பது வேறு. விலை கூடாது என்பது ஒன்று; இழப்பை ஈடுசெய்யக் கூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது சட்டம்.

கணக்குப் போடுங்கள். நாட்கூலி 500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை. சுமக்கும் காலத்தின் கடைசி மூன்று மாதங்களும் பெற்றபின் மூன்று மாதங்களும் அவள் மலையேற முடியாது என்றால், போனது 75,000 ரூபாய். முதல் மாதங்களின் மயக்கமும் வாந்தியும், மருந்து தெளித்த தோட்டத்துக்குள் நுழையக் கூடாதென்ற எச்சரிக்கையும், மதுரைக்குப் பரிசோதனைக்கு அலைந்த நாட்களும் இந்தக் கணக்கில் இல்லை. அவளுடைய சொந்தப் பிள்ளைகள் இருவர். அந்த மாதங்களில் அவர்கள் சோற்றுக்கு யார் பொறுப்பு? மருத்துவர் ஊதியம் பெறுகிறார். ஸ்கேன் நிலையம் கட்டணம் பெறுகிறது. பத்திரம் எழுதும் வழக்கறிஞர், காப்பீட்டு நிறுவனம், மதுரைக்கு அழைத்துச் செல்லும் கார் ஓட்டுநர் அனைவரும் பெறுகிறார்கள்; பெறுவது முறையும்கூட. பத்து மாதம் சுமந்தவள் ஒருத்தி மட்டும் கொடை வள்ளல்! ஏழு வள்ளல்கள் வரிசையில் எட்டாவது இடத்தை, நாட்கூலிக்காரிக்கு, அவளைக் கேளாமலே ஒதுக்கிவிட்டார்கள்.

இது நான் கண்டுபிடித்த நியாயமன்று. 2017 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு தன் 102-ஆவது அறிக்கையில் இதையே கூறிற்று. ஊதியமின்றிச் சுமக்கச் சொல்வது நேர்மையன்று, ஈட்டுத்தொகையோடு கூடிய முறையே வேண்டும் என்றது. என்னென்ன கொடுக்கவேண்டும் என்றும் எண்ணியது: கருவுற்ற காலத்தில் இழந்த கூலி, அவளுடைய சொந்தக் குழந்தைகளைப் பேணும் செலவு, மனநல ஆலோசனை, சத்துணவும் மருந்தும், பேறுகால உடை, பேற்றுக்குப் பிந்திய பராமரிப்பு. பேறுகால உடை! அந்தக் குழுவினர் யாரோ ஒருவர் அவள் பையைத் திறந்தே பார்த்திருக்கிறார். ஆனால் தில்லி அரசு அப்பட்டியலை மடித்து வைத்துவிட்டது. 2021-இல் வந்த சட்டத்தில் இழந்த கூலிக்கென்று ஓரிடம் இல்லை.

பிரிட்டனைப் பாருங்கள். 1985-இலேயே தரகு வணிகத்தைத் தடை செய்த நாடு அது. எனினும் சுமப்பவளுக்கு நியாயமான செலவு தரலாம் என்கிறார்கள். இழந்த வருவாயும் அச்செலவில் சேர்த்தியே. தரகனைத் தடுப்பதும் தாயைப் பட்டினி போடாதிருப்பதும் ஒருங்கே இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

“பேறுகால உதவிச் சட்டங்கள் இருக்கின்றனவே, அவை இவளுக்கும் பொருந்துமே” என்பர் சிலர். பொருத்திப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டுச் சட்டம், முந்தைய பன்னிரு மாதங்களில் 80 நாள் ஒரே நிறுவனத்தில் உழைத்திருக்கவேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த எண்பதை வைத்திருக்கிறது. இன்று சாந்தன்பாறை, நாளை பூப்பாறை, மறுநாள் ஜீப்காரர் எங்கே இறக்கிவிடுகிறாரோ அங்கே என்று போகிறவள், எந்தத் தோட்டத்துப் பதிவேட்டைக் காட்டுவாள்? தூங்குவது தமிழ்நாடு, உழைப்பது கேரளம். எண்பது நாளை எண்ணித் தரவேண்டியது யார்? எண்ணியே தந்தாலும், இரு குழந்தைகள் உள்ளவளுக்கு 26 வாரமில்லை, 12 வாரந்தான். தமிழக அரசின் முத்துலட்சுமி அம்மையார் பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய். அதுவும் முதலிரண்டு பேறுகளுக்கே. தனக்கென்று ஒரு குழந்தையேனும் பெற்றிருந்தால்தான் சுமக்கலாம் என்று ஒரு சட்டம் கூறுகிறது. ஏற்கெனவே இரண்டு பெற்றவளாயிற்றே என்று மற்றவை கையை விரிக்கின்றன.

மத்திய அரசு ஊழியராயின் கதை வேறு. 2024 சூனில் விடுப்பு விதிகளைத் திருத்தி, சுமப்பவளுக்கும் 180 நாள், குழந்தையைப் பெற்றுக்கொள்பவளுக்கும் 180 நாள் என்று வழங்கினார்கள். அதற்கு முன்பே, 2013-இல், சென்னைத் துறைமுகத்து ஊழியர் ஒருவர் வாடகைத் தாய் வழியே பெற்ற மகவுக்காக விடுப்புக் கேட்டபோது, நீதிபதி சந்துரு உயர்நீதிமன்றத்தில் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். வரவேற்கிறோம். பெற்றுக்கொள்ளும் தாய்க்கு விடுப்பு வேண்டும் என்று கண்ட அறம், பெற்றுக் கொடுக்கும் கூலிக்காரியின் கண்ணில் படவில்லையே என்பதுதான் நம் ஆற்றாமை.

சட்டத்தில் நல்லதும் உண்டு, மறைப்பானேன்? அவள் அறிந்த மொழியில் விளக்கிய பின்னரே ஒப்புதல் பெறவேண்டும். கரு வைக்குமுன் அவள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். வற்புறுத்திக் கருக்கலைக்கக் கூடாது. வணிகமாக நடந்தது என்று வழக்கு வந்தால், அவளைக் கணவனோ உறவினரோ வற்புறுத்தியதாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளவேண்டும் என்றும் ஒரு பிரிவு உண்டு. வீட்டுக்குள் நடக்கும் வற்புறுத்தலை அறிந்தே எழுதியிருக்கிறார்கள்! அறிந்தவர்கள், “சொந்தத்துக்குள் என்ன கூலி?” என்று கேட்டு வாயடைக்கும் வற்புறுத்தலை மட்டும் ஏன் அறியவில்லை? வசதியுள்ள அக்கா, வசதியற்ற தங்கை. “நீ செய்யமாட்டாயா?” என்ற ஒரு கேள்வி போதும். பிறகு தீபாவளிக்கு ஒரு சேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் என்று ஏதோ கைமாறும். அதுவும் அஞ்சி அஞ்சி, கணக்கில் எழுதாமல். கொடுத்தவருக்கும் குற்ற உணர்வு, வாங்கியவளுக்கும் குற்ற உணர்வு. எழுதாத கணக்குள்ள இடத்தில்தான் தரகன் பாய் விரித்து உட்காருகிறான்.

ஆகவே நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுப்பவேண்டிய திருத்தம் நீண்டதன்று. 2017-ஆம் ஆண்டு அறிக்கையின் பட்டியலை எடுத்துச் சட்டத்தில் சேர்க்கவேண்டும். இழந்த கூலியும் பேற்றுக்குப் பின் ஆறு மாதப் பராமரிப்பும் எவ்வளவு என்பதைக் கையிலிருந்து கைக்கு மாற விடாமல், பெற்றோர் ஆணை வழங்கும் நடுவர் மன்றத்திலேயே முன்கூட்டி வைப்பாகக் கட்டச் செய்து, மாதந்தோறும் அவள் வங்கிக் கணக்கில் சேர்க்கவேண்டும். கரு நிலைக்காமற் போனாலும் அந்த மாதங்களின் தொகை அவளுக்கே. அவள் பக்கம் நின்று பத்திரத்தைப் படித்துச் சொல்ல, மருத்துவமனையும் தம்பதியரும் அமர்த்தாத ஒருவரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அனுப்பவேண்டும். தமிழக அரசு தில்லிக்காகக் காத்திராமல் செய்யக் கூடியதும் ஒன்றுண்டு: மகப்பேறு உதவியில் முதலிரண்டு பேறு என்ற எல்லையை இவர்களுக்குத் தளர்த்தலாம், போடி, தேவாரம், கம்பம் வட்டாரங்களிலிருந்து எல்லை தாண்டும் தோட்டத் தொழிலாளரின் வேலை நாட்களைப் பதிவு செய்யக் கேரள அரசோடு ஓர் ஏற்பாட்டுக்கு வரலாம். அந்தப் பதிவேடு வாடகைத் தாய்க்கு மட்டுமன்று, ஜீப்பில் ஏறும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் உதவும்.

2010-இன் இறுதியில் நின்றுபோன போடி ரயில், 2023 சூன் 15 அன்று அகலப்பாதையில் திரும்பி வந்தது. மதுரை மருத்துவமனையில் அறுவை செய்து பெற்றுக் கொடுத்த நம் பெண், தையல் இழுக்க, அந்த ரயிலில்தான் ஊர் திரும்புவாள். மடியில் கட்டைப்பை, உள்ளே ஈரத்துணி, பிளாஸ்க், காப்பீட்டுப் பத்திரம். நிலையத்தில் அவளுடைய இரு பிள்ளைகளும் ஓடி வருவார்கள். “பாப்பா எங்கம்மா?” என்று இளையது கேட்கும். வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று அவள் மூத்ததைக் கேட்பாள்.